பல்வலிக்காரனின் பேச்சு

என் கணவர் லியோஃப்ரான் எழுதிய போர் வரலாற்றைக் கடைசிவரை விழித்திருந்து கேட்டவர்கள் எங்கள் தீவில் யாருமில்லை, நான் உட்பட. எந்த மதில் எத்தனை முழம், எந்தக் காற்றில் எந்தக் கப்பல் வந்தது, முற்றுகையின்போது வாற்கோதுமையை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்று எழுதிக்கொண்டே போவார். அளவில் சந்தேகம் வந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை அதிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "யாருங்க கேட்டா இந்த அளவை?" என்றேன். "பின்னால வர்றவன் கேப்பான்" என்றார். பின்னால் வருகிறவனுக்கு வேறு பிழைப்பு இருக்காதா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைப் படித்தால் கல்லும் அழும். அந்த இடம்தான் என் தம்பி பிராக்சியாஸின் கழுத்துக்கு வினையாக வந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போரைப் பற்றி எழுதுகிறவர்கள் நடுநடுவே தளபதிகளைப் பேசவிடுவார்கள். அன்றைக்கு அந்த ஆள் நிஜமாகவே என்ன பேசினான் என்பது யாருக்கு நினைவிருக்கும்? அதனால் அந்த நேரத்தில் அவன் எதைப் பேசியிருந்தால் பொருத்தமாக இருக்குமோ, அதை எழுதுகிறவரே நல்ல பேச்சாகக் கட்டி அவன் வாயில் வைத்துவிடுவார். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். தெரியும் என்றுதான் என் கணவர் நம்பியிருந்தார்.

அக்கரைக்காரர்கள் எங்கள் துறைமுகத்தைக் கப்பல்களால் அடைத்துக் குளிர்காலம் முழுக்க எங்களைப் பட்டினி போட்டபோது, கடல்வாசல் காவல் என் தம்பியிடம் இருந்தது. கதவைத் திறந்துவிடுவதா, பூட்டிக்கொண்டே சாவதா என்று முடிவெடுக்க ஆலோசனைக் குழு மதில்மேல் கூடியது. தம்பியும் போனான். ஆனால் அவன் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கவும் முடியாது. கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் சுரைக்காய் மாதிரி வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தான். மற்றவர்கள் கை தூக்கினார்கள், இவனும் தூக்கினான். அவ்வளவுதான் அவன் செய்தது. மறுநாள் கதவு திறந்தது. அக்கரைக்காரன் தானியத்தை உள்ளே விட்டான். பதிலுக்கு எங்கள் கப்பல்களை ஓட்டிக்கொண்டு போனான், வருடா வருடம் கப்பமும் கேட்டான். மிச்சமிருந்த குழந்தைகள் பிழைத்தார்கள்.

இதை எழுதும்போது என் கணவருக்கு யாராவது ஒருவர் எழுந்து பேச வேண்டியிருந்தது. குழுவில் இருந்தவர்கள் பாதிப் பேர் கிழவர்கள், மீதிப் பேர் கஞ்சர்கள். பார்க்க லட்சணமாக, ஊருக்குப் பிடித்தவனாக இருந்தவன் என் தம்பி ஒருவன்தான். அவனைப் பேசவிட்டார்.

முற்றுகை முடிந்து பல வருடம் கழித்து, ஓர் அப்போலோ திருவிழாவில் என் கணவர் அதைப் படித்தார். எங்கள் வீடு அரங்கத்துக்கு மேலே சரிவில் இருப்பதால், கூரையில் நின்றால் கீழே ஒருவன் இருமுவதுகூடக் கேட்கும். தெருப் பெண்கள் எல்லாரும் எங்கள் கூரையில்தான் நின்றோம். மதில் அளவு வந்தபோது அத்திப்பழம் தின்றோம், மருமகள்களைப் பற்றிப் பேசினோம். பிறகு பிராக்சியாஸ் பேச ஆரம்பித்தான், என் கணவரின் குரலில். "விடுதலை என்பது ஒரு சொல். சொல்லைத் தின்று எந்தக் குழந்தையும் பிழைத்ததில்லை." அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. என் பக்கத்தில் நின்றவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். முற்றுகையில் எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை போயிருந்தது.

நான் அழவில்லை. அது நான் சொன்ன வார்த்தை.

குழு கூடிய அன்று காலை நான் பழைய செருப்பு வாரை வேகவைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் தெலேஸ் அடுப்புப் பக்கத்தில் படுத்திருந்தான். அழுவதற்குக்கூட அவனிடம் தெம்பில்லை. மதிலிலிருந்து வந்த கணவர், விடுதலையை விட்டுக்கொடுப்பதைவிடச் சாவது மேல் என்று யாரோ அங்கே முழங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "விடுதலைங்கறது ஒரு சொல்லு. சொல்லைத் தின்னுட்டு எந்தப் புள்ளை பொழைச்சிருக்கு?" என்று கேட்டேன். கரண்டியை அடுப்பில் வீசினேன் என்று நினைக்கிறேன். அன்று இருட்டுவதற்குள் தெலேஸ் போய்விட்டான். கதவு திறந்தது மறுநாள்.

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"ஏங்க, அது என் வார்த்தை."

"ஆமா."

"அதை எதுக்கு அவன் வாயில வச்சீங்க?"

"பின்ன எங்க வைக்கறது லிசில்லா? குழுவுல பொம்பளை ஏது? அடுப்படியில என் பொண்டாட்டி சொன்னான்னு வரலாறு எழுதினா நாய்கூடக் கேக்காது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்த வார்த்தை வீணாப் போயிடக்கூடாதுன்னு நினைச்சேன்" என்றார்.

தெலேஸ் அவருக்கும் மகன்தானே.

பேச்சு என் தம்பிக்குத் தலைக்கு ஏறியது. அதுவரை ஊருக்கு அவனைப் பிடித்திருந்தது அவன் தோளுக்காக. இப்போது வாய்க்காகவும் பிடித்தது. மீன் சந்தையில் அவனை நிறுத்திச் சொல்லச் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் கிண்ணத்தைக் கையில் கொடுத்துச் சொல்லச் சொன்னார்கள். முதலில் "அட நான் எங்கடா பேசினேன், எனக்குப் பல்வலி" என்று சிரித்தான். கொஞ்ச நாளில் சிரிப்பு போய்விட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். எங்கள் முற்றத்துக்கு வரும்போதெல்லாம், முற்றுகைக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த என் மகள் மெலித்தாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "சொல்லைத் தின்னு எந்தப் புள்ளையும் பொழைச்சதில்லை, இந்தா இதைத் தின்னு" என்று அவள் வாயில் எள்ளுருண்டையைத் திணிப்பான். அவள் கெக்கலி கொட்டுவாள். நான் திட்டாமல் இருந்தேன். என்ன இருந்தாலும் அந்த வார்த்தை ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கிறதே என்று இருந்தது.

பிறகு ஊர் மாறியது. முற்றுகையின்போது பால்குடித்த பிள்ளைகள் இப்போது ஈட்டி பிடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பட்டினி அவர்களுக்கு நினைவில்லை. கப்பம் கட்டுவது மட்டும் கண்ணில் பட்டது. கோமியாஸ் என்று ஒருவன், பேசியே வயிறு வளர்ப்பவன், அவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, நம் கப்பல்களை விற்றது யார், கதவைத் திறக்கச் சொன்னது யார் என்று கேட்க ஆரம்பித்தான். குழுவில் இருந்தவர்கள் பலரும் செத்துப்போயிருந்தார்கள். செத்தவனைத் தண்டித்து என்ன சுகம்? உயிரோடு இருப்பவன் வேண்டும். விடுதலை வெறும் சொல்தான் என்று சொன்னவன் எவன் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊரை எதிரிக்குக் காட்டிக்கொடுத்ததாகப் பிராக்சியாஸ்மேல் கோமியாஸ் வழக்குப் போட்டான். தோற்றால் விஷக் கிண்ணம். பிணத்தைப் புதைக்கவும் விடமாட்டார்கள்; துரோகிக்கு எங்கள் மண்ணில் இடமில்லை, கடலில் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே அவனைக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள்.

நான் தலையை மூடிக்கொண்டு நாவ்சன் வீட்டுக்கு ஓடினேன். அந்தக் குழுவில் இருந்தவர்களில் உயிரோடு இருந்தவர் என் தம்பியை விட்டால் நாவ்சன் ஒருவர்தான். வெயிலில் திராட்சையைக் காயப்போட்டுக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார்.

"நாவ்சன் ஐயா, அன்னைக்கு மதில்ல என் தம்பி வாயைத் திறந்தானா?"

"திறந்தானாவா? என்னம்மா கேள்வி கேக்கறே. நான் அவனுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன்."

"தாடையில துணி கட்டியிருந்தானே ஐயா."

"கட்டியிருந்தான். யார் இல்லைன்னா? அந்தத் துணியை அவுத்துக் கீழ போட்டுட்டுத்தான் பேசினான். கன்னத்தை இதோ இப்படிப் பிடிச்சுக்கிட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் வலி பின்னி எடுக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா நிறுத்தலையே. இப்ப நினைச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியுது, பாரு."

கையை நீட்டினார். நிஜமாகவே ரோமம் நின்றிருந்தது.

"ஐயா, அது எங்க வீட்டுக்காரர் எழுதினது. அவன் பேசவே இல்லை. கையைத்தான் தூக்கினான். நல்லா யோசிச்சுப் பாருங்க."

"எழுதினது உன் வீட்டுக்காரர்தான். பேசினது அவன். எனக்கு வயசாச்சுதான், காது போகலை." என் முகத்தைப் பார்த்துவிட்டு மனமிரங்கி, "நீ ஏம்மா பயப்படறே? நானே வந்து சாட்சி சொல்றேன். அவன் எப்படிப் பேசினான்னு அப்படியே நடிச்சுக் காட்டறேன். ஜனங்க மனசு கரைஞ்சு விட்டுருவாங்க" என்றார்.

"வேண்டாம் ஐயா. தயவுபண்ணி வராதீங்க."

"நன்றி மறக்கச் சொல்றியா? என் பேரனுங்க உயிரோட இருக்கறது அவன் பேசின பேச்சாலதான்."

காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு, கை நிறையக் காய்ந்த திராட்சையை என் மடியில் போட்டு அனுப்பினார். வழியெல்லாம் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வழக்கை ஏற்பதா என்று முடிவு செய்ய மக்கள் சபை அரங்கத்தில் கூடியபோது, என் கணவர் எழுந்து முன்னால் பேசப் போனார். நாங்கள் கூரையில் நின்றோம். இந்த முறை யாரும் தின்னவில்லை, பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

கோமியாஸ் கேட்டான்: "லியோஃப்ரான், திருவிழாவுல படிக்கறதுக்கு முன்னாடி, 'நான் பார்த்ததையும் விசாரிச்சதையும்தான் சொல்றேன்'னு அப்போலோ மேல ஆணையிட்டீரா இல்லையா?"

"இட்டேன். ஆனா பேச்சுங்க அதுல சேராது. பேச்சை நாங்கதான் அமைப்போம். அது எங்க தொழில் வழக்கம்."

"அப்ப பொய்யின்னு ஒத்துக்கறீர்."

"பொய் இல்லை. பொருத்தம்."

கீழே சிரிப்பு எழுந்தது. என் கணவருக்கு இந்த மாதிரிச் சபையில் பேச வராது. வீட்டில் ஒரு வாக்கியத்தைக் காலையில் எழுதி, மத்தியானம் அடித்து, சாயங்காலம் மறுபடி எழுதுகிறவர். அவரைக் கொண்டுபோய்ச் சந்தைக்கடையில் நிறுத்தினால் என்ன ஆகும்?

"சரி, நீரே அமைச்சதுன்னே வச்சுக்குவோம்" என்றான் கோமியாஸ். "உம்ம புத்தகத்தை நாங்க எல்லாரும் கேட்டிருக்கோம். மதில் நீளம் கேட்டோம். கோதுமைக் கணக்கு கேட்டோம். என் மாமனார் கேட்டுக்கிட்டே தூங்கிப் படியிலேர்ந்து உருண்டார். ஏன்யா, அந்தப் பேச்சை எழுதற கை உமக்கு இருந்திருந்தா மிச்சப் புத்தகத்தை ஏன் அப்படி எழுதினீர்?"

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கூரையிலும் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததே, அதுதான் வெட்கம்.

"அந்த வாக்கியம் என்னுது இல்லை" என்றார் என் கணவர். "பிராக்சியாஸுதும் இல்லை. என் மனைவி சொன்னது. என் பையன் சாகற அன்னைக்கு, அடுப்படியில வச்சு. நான் எடுத்துக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. பெண் சொல் சபையில் ஏறாது. ஆனால் ஒரே ஒரு வழி உண்டு, அது எல்லாருக்கும் தெரியும்: வழக்குக்காரன் சம்மதித்தால் பெண்ணைத் தெமேத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் செய்ய வைக்கலாம். சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அதோடு தீர்ந்தது. சம்மதிக்க வேண்டும் என்று எந்த வழக்குக்காரனுக்கும் கட்டாயம் இல்லை; சத்தியத்தின் வாசகத்தையும் அவனே சொல்லலாம்.

"என் மனைவி கோயில்ல சத்தியம் பண்ணுவா. சம்மதமா?" என்றார் கணவர்.

கோமியாஸ் கொஞ்ச நேரம் யோசித்தான். நான் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று சொல்லடா, சொல்லடா என்று மனசு அடித்துக்கொண்டது.

"சம்மதம்" என்றான். "வாசகம் இது. 'இந்த வார்த்தைகள் என்னுடையவை. பிராக்சியாஸின் வாயிலிருந்து இவற்றை நான் ஒருபோதும் கேட்டதில்லை. இது பொய்யானால் என் வயிற்றில் பிறந்தது என் கண்முன்னே அழியட்டும்.' மகள் தலையில கை வச்சுச் சொல்லணும். ஒத்துக்கறீரா?"

"ஒத்துக்கறேன்" என்றார் என் கணவர், அவன் முடிப்பதற்கு முன்பே.

மெலித்தா என் பக்கத்தில் நின்று கழுதைக்கு வைக்கோல் கயிறு பின்னுவது மாதிரி என் முந்தானை நூலைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எள்ளுருண்டை கொடுக்கும்போதெல்லாம் என் தம்பி சொன்னது என் காதில் கேட்டது. எத்தனை முறை என்று யார் எண்ணினார்கள்? கீழே இருந்தவர்களில் பாதிப் பேர் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டவர்கள். கோமியாஸும்தான்.

அவர் வீட்டுக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"தப்பிச்சிட்டான் லிசில்லா. நீ உண்மையைச் சொன்னா போதும்."

"ஒருபோதும் கேட்டதில்லைன்னு சொல்லணுமாமே?"

"ஆமா. குழுவுல அவன் பேசலைன்னுதானே அர்த்தம்."

"குழுன்னு அதுல எங்க இருக்கு? மதில்னு இருக்கா? அன்னைக்குன்னு இருக்கா? ஒருபோதும்னு இருக்கு. இந்த முத்தத்துல நின்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கான். இதோ இவ வாயில ஊட்டிக்கிட்டே சொல்லியிருக்கான். நீங்க வார்த்தையை வச்சுப் பொழைக்கறவர்தானே? ஒரு வார்த்தையை நிறுத்திப் பார்க்கத் தெரியலையா உங்களுக்கு?"

அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து செருப்பில்லாமல் கோமியாஸ் வீட்டுக்கு ஓடினார். அன்று முழுக்க ஒவ்வொரு அதிகாரி வாசலாக ஏறி இறங்கினார். வாசகத்தை மண்ஜாடியில் போட்டு மெழுகு முத்திரை வைத்தாகிவிட்டது, இனி ஒரு எழுத்தும் மாற்ற முடியாது என்றார்கள். ஒருவர் மட்டும் அவரை உள்ளே கூப்பிட்டு, "சும்மா சொல்லச் சொல்லுய்யா உன் பொண்டாட்டியை. சத்தியம்னா எல்லாம் பலிச்சிடுதா?" என்றாராம்.

என் கணவர் அதை என்னிடம் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தைரியம் இல்லை. எனக்கும் அவர் எதையும் சொல்லிவிடக்கூடாது என்றே இருந்தது.

கோயிலில் பன்றியை வெட்டித் துண்டங்களைத் தரையில் வைத்திருந்தார்கள். சத்தியம் செய்கிறவர் நிற்க வேண்டிய வழக்கப்படி அவற்றின்மேல் ஏறி நின்றேன். மெலித்தாவை என் முன்னே நிறுத்தினார்கள். ஊரே வந்திருந்தது. எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இவள் தம்பியை விடப்போகிறாளா, மகளை விடப்போகிறாளா என்று பார்க்க வந்தார்கள். தெமேத்தர் மகளைப் பறிகொடுத்துவிட்டு உலகமெல்லாம் தேடி அலைந்த தெய்வம். அவள் முன்னால் நின்று எதைச் சொன்னாலும் காதில் விழும்.

மெலித்தாவின் தலையில் கை வைத்தேன். வெயிலில் நின்றிருந்ததால் தலை சூடாக இருந்தது. பூசாரியம்மா வாசகத்தைப் படித்தாள், நான் திருப்பிச் சொன்னேன். "இந்த வார்த்தைகள் என்னுடையவை." நன்றாக, கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி சொன்னேன். என் வாழ்நாளில் இத்தனை ஆண்கள் நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. நாவ்சன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"பிராக்சியாஸின் வாயிலிருந்து" என்று பூசாரியம்மா தொடங்கினாள்.

"பிராக்சியாஸின் வாயிலிருந்து" என்றேன்.

"இவற்றை நான் ஒருபோதும் கேட்டதில்லை."

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். தெய்வம் தடுத்துவிட்டது என்றார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான்தான் நிறுத்தினேன். ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இன்னொன்றைத் தரமாட்டேன் என்று இருந்தது. தூக்கி வளர்த்த தம்பி. அம்மா செத்தபின் நான்தான் அவனுக்குத் தலை வாரிவிட்டேன். அவன் முகம் கண்முன் நின்றது. கையின் கீழே இந்தத் தலை சூடாக இருந்தது. பூசாரியம்மா மறுபடி படித்தாள். மறுபடியும் படித்தாள். நான் மெலித்தாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பன்றித் துண்டங்களிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். யாரும் வழி மறிக்கவில்லை.

அதன்பிறகு விசாரணை என்பது பெயருக்குத்தான். நாவ்சன் சொன்னபடியே வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முழுப் பேச்சையும் நடித்துக் காட்டினார். அழுதுகொண்டே நடித்தார். பாவம், காப்பாற்றுவதாக நினைத்தார். கடைசியாக என் தம்பியை எழுப்பிப் பேசச் சொல்லி, நேரம் அளக்கும் தண்ணீர்ப் பானையைத் திறந்துவிட்டார்கள். அவன் நின்றான். கூரையிலிருந்து பார்க்கச் சின்னவனாகத் தெரிந்தான். "எனக்கு அன்னைக்குப் பல்வலி" என்றான். சிரிப்பு எழுந்தது. "நிஜமாத்தான். எனக்குப் பேச வராது. அன்னைக்குப் பல்வலி." அவ்வளவு பெரிய பேச்சுக்காரன் பேச வராதவன் மாதிரி எப்படி நடிக்கிறான் பார் என்று பக்கத்துக் கூரையில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. பானை காலியாகும்வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு தீர்ப்புக்காக ஆளுக்கொரு கூழாங்கல்லை ஜாடிகளில் போட்டார்கள். குற்றவாளி என்கிற கறுப்பு ஜாடி நிரம்பி வழிந்தது.

சிறையில் கடைசியாகப் பார்க்க எங்களை விட்டார்கள். கணவர் உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். விஷம் அரைக்கிற ஆள் வாசலில் குந்தியிருந்தான்.

பிராக்சியாஸ் என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் அவன் காலைப் பிடிக்கப் போனேன். விடவில்லை.

"அட விடு அக்கா. நல்லவேளை நீ முழுசாச் சொல்லலை. அந்தச் சனியனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் அங்க போய்த் தெலேஸ் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

சனியன் என்றது மெலித்தாவை. அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான். நான் அழுதேன். அவன் என் தலையைத் தட்டிக்கொடுத்தான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுடா."

"அன்னைக்கு மதில்ல நான் பேசினேனா? படுத்துப் படுத்து யோசிக்கறேன். வலிதான் ஞாபகம் வருது. அப்புறம் பல்லைப் பிடுங்கறேன்னு தண்ணி கலக்காத மதுவா ஊத்தினாங்க, அதுல மிச்சமும் அழிஞ்சு போச்சு. ஆனா எல்லாரும் கேட்டோம்கறாங்க. நாவ்சன் கிழவன் அழறான். அத்தான் என்னடான்னா அது உன் வார்த்தைங்கறார்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் சொன்னதுக்காகச் சாகறேன்னா சரி. ஒண்ணுமே சொல்லாம, பல்வலியில கையைத் தூக்கினதுக்காகச் சாகறேன்னா, அதைத்தான் என்னால தாங்கிக்க முடியலை அக்கா."

சுவரோரம் என் கணவர் அசைந்தார். ஒரு முழத்துக்காக ஏணி ஏறுகிற மனுஷன். அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பேசினேடா" என்றேன்.

"நிஜமாவா?"

"துணியை அவுத்துப் போட்டுட்டுப் பேசினே. உனக்குத்தான் ஞாபகம் இல்லை."

"அப்ப நீ கோயில்ல உன்னுதுன்னு சொன்னியே?"

"உன்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்டா அது. அத்தானும் நானும் சேர்ந்து கட்டினது. அதனாலதானே மீதியைச் சொல்ல வாய் வரலை."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கதை சொன்னால் இப்படித்தான் பார்ப்பான்.

"மதில்லேர்ந்து இறங்கி நேரா வீட்டுக்கு வந்தே" என்றேன். "தெலேஸை மடியில போட்டுக்கிட்டு மறுபடியும் சொன்னே. அவனுக்காகத்தான் பேசினேன்னு சொன்னே."

"அவன் கேட்டானா?"

"கேட்டான்."

அவன் மூச்சை இழுத்துவிட்டான். வாசலில் இருந்தவன் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அப்ப சரி" என்று சொல்லி, பிராக்சியாஸ் அதை வாங்கிக்கொண்டான்.